செண்பகம் பெயருக்கு ஒரு பெட்டி

திண்டிவனத்தில் மாதா கோயில் தெருவுக்குள் நுழைந்து தேவசகாயம் வீடு எது என்று கேட்டால் கைக்குழந்தைகூடக் காட்டிவிடும். அந்த வீட்டில் ஆள் ஆறு. கம்ப்யூட்டர் ஒன்று, ஈமெயில் ஐடி ஒன்று, அதைத் திறக்கிற பாஸ்வேர்டு ஒன்று. கேஸ் சிலிண்டர் பதிவானாலும், கரண்ட் பில் வந்தாலும், பேத்தியின் பள்ளிக்கூடம் லீவு விட்டாலும் சேதி அந்த ஒரே ஐடிக்குத்தான் வந்து விழும். ஆறு பேருக்கும் பொதுவான அந்தப் பெட்டியின் பாஸ்வேர்டு தெரிந்தவர் ஒரே ஆள், தேவசகாயம்.

மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. ஆர்.எம்.எஸ். என்கிற ரயில் தபால் இலாகாவில் முப்பத்து நான்கு வருஷம் சார்ட்டர். விழுப்புரம் ஜங்ஷனில் மூட்டை மூட்டையாக இறங்குகிற கடிதங்களைக் கொட்டி, விலாசம் பார்த்து ஊர் ஊராகப் பிரித்துப் போடுகிற வேலை. ஓய்வு பெற்ற மறுமாதமே விழுப்புரத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் வாங்கி வந்து கூடத்தில் வைத்தார். வைத்த நாளிலிருந்து கூடம் தபாலாபீஸ் ஆகிவிட்டது.

காலை பத்து மணிக்குக் குளித்து, ஜெபம் முடித்து, சட்டை போட்டுக்கொண்டுதான் உட்காருவார். வீட்டுக்குள் எதற்கு ஐயா சட்டை என்றால், டியூட்டி என்பார். வந்திருக்கிற மெயில்களை ஒன்றொன்றாகப் பிரிண்ட் எடுப்பார். தாளின் மூலையில் சிவப்புப் பென்சிலால் தேதியும் மணியும் குறிப்பார். அப்புறம் கம்ப்யூட்டரில் இருக்கிற மெயிலை அழிப்பார். அழித்தது குப்பைக்கூடையில் போய் ஒரு மாசம் கிடக்கும் என்று சின்ன மகன் இனியவன் ஒருமுறை தெரியாத்தனமாகச் சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து அந்தக் குப்பையையும் கையோடு காலி செய்துவிடுவார். "டெலிவரி ஆன கடுதாசிக்கு ஆபீஸ்ல இன்னா வேலை? ஒரு கடுதாசி தங்கினாலும் சார்ட்டருக்கு அவமானம்" என்பது அவர் கட்சி.

பிரிண்ட் எடுத்த தாள்கள் மத்தியானச் சோற்று வேளையில் பட்டுவாடா ஆகும். அதுவும் சும்மா கையில் கொடுத்துவிட மாட்டார். உரக்கப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். குயிலாப்பாளையத்தில் ரொட்டி சுடுகிற பேக்கரியில் வேலை பார்க்கும் இனியவன் ரகசியமாகக் கல்யாண வெப்சைட் ஒன்றில் பதிந்து வைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்புக்கு நடுவில், "கடலூரைச் சேர்ந்த பெண் உங்கள் புகைப்படத்தை மூன்று முறை பார்த்தார்" என்று தேவசகாயம் வாசித்தார். அவர் மனைவி சவுரியம்மாள் கையில் எடுத்த சோற்றை அப்படியே நிறுத்தி, "மூணு தரம் பாத்தாளா? பாத்தும் ஒரு வார்த்த சொல்லலியா?" என்று கேட்டாள். பாவம், அந்தப் பிள்ளை ஒரு வாரம் வீட்டில் சாப்பிடவே இல்லை.

தனித்தனியாக ஐடி வைத்துக்கொள்ளலாமே என்று அவன் ஒருதரம் கேட்டும் பார்த்தான். "ஒரே வீடு, ஒரே அடுப்பு. பெட்டி மட்டும் எதுக்குடா தனித்தனி? இன்னிக்குப் பெட்டி கேப்பீங்க, நாளைக்கு அடுப்பைத் தனியா கேப்பீங்க" என்று தேவசகாயம் ஒரே போடாகப் போட்டுவிட்டார். பெரிய மகன் அன்புச்செல்வன் வேன் டிரைவர். டச் போனோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவன். அப்பாவிடம் பேச வேண்டிய விஷயம் என்றாலே அவனுக்கு அன்றைக்குப் பார்த்து லோடு வந்துவிடும்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தவள் அன்புச்செல்வனின் மனைவி செண்பகம்.

அவள் பக்கத்துப் பெருமுக்கல் ஊர்க்காரி. அம்மா ஊரான் கொல்லையில் மல்லாட்டை என்று அங்கே சொல்கிற வேர்க்கடலையைப் பிடுங்கி, நாற்று நட்டு, முதுகு வளைந்து படிக்க வைத்ததில் லேப் டெக்னீசியன் படிப்பை வகுப்பிலேயே முதலாவதாக முடித்தவள். முடித்த வருஷமே கல்யாணம். அடுத்த வருஷம் கலைப்பிரியா பிறந்தாள். அப்புறம் அது இது என்று பதினோரு வருஷம் ஓடிவிட்டது. ரத்தம் எடுக்கப் படித்த கை கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தது. சர்டிபிகேட்டை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அம்மாவின் கால் வெடிப்புதான் ஞாபகம் வரும். அழுகை வராது, ஆத்திரம் வரும்.

மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போன பிறகு துணிந்தாள். விழுப்புரத்தில் நல்வழி மருத்துவமனை என்ற பெரிய ஆஸ்பத்திரியில் லேபுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். இருந்தது ஒரே இடம். வயது வரம்புக்கு அவளுக்கு இன்னும் நாலே மாசம். இந்தத் தடவை தவறினால் அந்தக் கதவு அப்படியே சாத்திக்கொள்ளும். விண்ணப்பத்தை ஆன்லைனில்தான் போட வேண்டும் என்றதால் மாமனார் முன்னால் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவரே ஒற்றை விரலால் தட்டி அனுப்பினார். ஐடி? வேறெது, அதே பொது ஐடிதான்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் சாம்பாரை ஊற்றிக்கொண்டிருந்தபோது தேவசகாயம் தொண்டையைச் செருமினார். முகமெல்லாம் சிரிப்பு. "செண்பகம், உனக்கு ஒரு நல்ல சேதி!" என்று தாளைத் தூக்கிப் பிடித்து, இங்கிலீஷில் இருந்ததை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு இன்டர்வியூ. சவுரியம்மாள் "ஏசப்பா!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். செண்பகம் கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டுத் தாளுக்குக் கை நீட்டினாள். வாங்கித் தானே படித்தாள்.

கடைசியில் மூன்று வரி இருந்தது. அதை மாமனார் வாசிக்கவில்லை. வர விரும்புகிறவர்கள் கீழே உள்ள பட்டனை வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குள் அழுத்தி உறுதி செய்ய வேண்டும். அழுத்தாதவர்களின் வாய்ப்பு பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம், கட்டத்துக்குள் 'உறுதி செய்க' என்று இங்கிலீஷில் இரண்டு வார்த்தை.

அவள் விரல் தன்னையறியாமல் போய் அந்தக் கட்டத்தின்மேல் அழுத்தியது. தாள் மடங்கியது. வேறென்ன ஆகும்?

"மாமா, இதைக் கம்ப்யூட்டர்ல அமுக்கணும். அந்த மெயிலைக் கொஞ்சம் தொறந்து குடுங்க."

"அதான் கையில குடுத்துட்டேனேம்மா."

"கம்ப்யூட்டர்ல இருக்கறது வேணும் மாமா."

"அது எப்டி இருக்கும்? டெலிவரி பண்ணியாச்சு, அழிச்சாச்சு."

"குப்பையில?"

"குப்பையையும் கொட்டியாச்சு. இன்னிக்கு நேத்தா பண்றேன்?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்பார்களே, அதுதான். பதினோரு வருஷம் காத்திருந்து, தவம் கிடந்து, வாசல்வரை வந்த வேலையை இந்த மனிதர் பிரிண்ட் எடுத்துச் சிவப்புப் பென்சிலால் மணியும் குறித்துத் துடைத்து எறிந்துவிட்டார். அதுவும் முகம் நிறையச் சிரிப்போடு! செண்பகத்துக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. சாம்பார்ச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். முப்பத்தி நாலு வருஷத்துல யார் கவரையாச்சும் பிரிச்சுப் படிச்சிருக்கீங்களா?"

தேவசகாயம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னா பேச்சு பேசற? ஒட்டு வுட்டுப் போன கவரைக்கூட உள்ள பாக்காம ஒட்டி அனுப்புனவன் நான். மேல வெலாசத்தைப் பாத்துப் பிரிக்கறவன் சார்ட்டர். உள்ள பிரிச்சுப் பாக்கறவன் திருடன்."

"அப்போ என் கவரை எதுக்குப் பிரிச்சீங்க?"

"கவரா? கவரு எங்கம்மா இருக்குது? ஈமெயிலு கார்டு மாதிரி. தொறந்து கெடக்குது. கார்டை யார் வேணா படிக்கலாம்."

"கார்டு இல்ல மாமா. பாஸ்வேர்டுதான் அதுக்குக் கவரு. நம்ம ஆறு பேரு கடுதாசியையும் ஒரே கவர்ல போட்டு, அதை நீங்க ஒருத்தரே தெனம் கிழிச்சுக்கினு இருக்கீங்க."

தேவசகாயம் சோற்றில் தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவினார். "அப்போ இந்த வீட்ல நான் திருடன்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

சவுரியம்மாள் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். "தொறக்காத வாயைத் தொறந்தாலும் தொறந்தே, அம்மாடி! சரி, ஆனது ஆச்சு. அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு போனைப் போடு. சும்மா நின்னுக்கினு இருந்தா ஆவுமா?"

தாளின் அடியில் ஒரு நம்பர் இருந்தது. செண்பகத்தின் டச் போன் மகள் கையிலிருந்து விழுந்து உடைந்து ஆறு மாசம். இப்போது இருப்பது பட்டன் போன். அதில் அடித்தாள். ஆஸ்பத்திரி ஆபீஸிலிருந்து மலர்விழி என்ற பெண் பேசினாள்.

"ஒரு ஐடிக்கு ஒரு தரம்தாம்மா லிங்க் போவும். எங்க சிஸ்டம் அப்டி. உங்களுக்குன்னு வேற ஐடி இருந்தா குடுங்க, மாத்திட்டு உடனே அனுப்பறேன். ஆனா அஞ்சரைக்கு லிஸ்டை மூடிடுவேன், அப்புறம் நான் நெனச்சாலும் முடியாது."

"தரேம்மா. அஞ்சரைக்குள்ள தரேன்" என்று செண்பகம் சொல்லிவிட்டாள். இல்லாத ஐடியை எங்கிருந்து தருவது? மணி இரண்டே முக்கால். கம்ப்யூட்டரோ பூட்டிக் கிடக்கிறது, சாவி மாமனார் மனசில்.

புருஷனுக்குப் போட்டாள். அவன் செஞ்சியில் வேனை ஓரங்கட்டிப் பேசினான். "எங்கப்பாகிட்டயா? திருடன்னு கேட்டியா? நெஜமாவா?" என்று மூன்று தடவை கேட்டான். அவன் குரலில் பயம் பாதி, குஷி பாதி. "பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது செண்பகம். அவுரு கோவம் வந்தா ரயில் ஸ்டேஷனுக்குத்தான் போவாரு. போய்ப் பாரு."

பிரவுசிங் சென்டருக்கு ஓடினால் பத்து நிமிஷத்தில் ஐடி கிடைத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் களவாணி மாதிரி வெளியே போய்த் தொடங்கிவிட்டு, அதை வீட்டில் மறைத்துக்கொண்டு திரிய அவள் தயாராக இல்லை. சொந்த வீட்டில், நடுக்கூடத்தில், அத்தனை பேர் கண் முன்னால் தொடங்க வேண்டும். வீம்பு என்றால் வீம்புதான். பதினோரு வருஷம் வீம்பே பிடிக்காதவளுக்கு ஒரு நாள் பிடிக்க உரிமை இல்லையா?

ஷேர் ஆட்டோவில் ஏறி ஸ்டேஷனில் இறங்கினாள். முதல் பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில் தேவசகாயம் உட்கார்ந்திருந்தார். நிற்காத எக்ஸ்பிரஸ் ஒன்று தடதடவென்று போனது. அது போய் முடியட்டும் என்று அவள் நின்றாள்.

"கவருன்னு தெரிஞ்சிருந்தா பிரிச்சிருப்பேனா?" என்றார் அவர், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே.

"பிரிச்சிருக்க மாட்டீங்க மாமா. எனக்குத் தெரியும்."

"அப்புறம் எதுக்கு அப்டிக் கேட்ட?"

"என் வேலை போவுது மாமா, அதான் கேட்டேன். எங்கம்மா ஊரான் கொல்லையில குனிஞ்சு குனிஞ்சு படிக்க வெச்சது போவுது. அஞ்சரைக்குள்ள எனக்குன்னு ஒரு பெட்டி வேணும், நம்ம வீட்டு கம்ப்யூட்டர்ல, என் பேர்ல. குடுங்கன்னு கெஞ்ச வரல. வேணும்னு சொல்ல வந்தேன்."

தேவசகாயம் திரும்பி, மருமகளை அன்றைக்குத்தான் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"பாஸ்வேர்டுதான் கவருன்னியே. அது நெஜந்தானா?"

"சத்தியமா மாமா."

"மணி இன்னா?"

"மூணு அம்பது."

"அட, எழுந்திரும்மா!" அவர்தான் அதற்குள் எழுந்துவிட்டிருந்தார். "வண்டி கெளம்பற நேரத்துல தபால் பையை வெச்சிக்கினு பேசிக்கினு இருந்தா எப்டி? ஜல்தி வா, ஜல்தி!"

வீட்டுக்கு வந்தபோது மணி நாலேகால். தேவசகாயம் தன் பாஸ்வேர்டைத் தட்டிக் கம்ப்யூட்டரைத் திறந்தார். நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார். இந்த ஐந்து வருஷத்தில் அந்த நாற்காலியை அவர் இன்னொருவருக்கு விட்டது அதுதான் முதல் தடவை. "ஒக்காரு" என்றார். செண்பகம் உட்கார்ந்தாள்.

முதலில் கம்ப்யூட்டரிலேயே தனக்கென்று ஒரு லாகின் உண்டாக்கினாள். ஒரே மிஷின், ஆனால் அவள் பெயரைத் தொட்டால் அவள் அறை திறக்கும், அவர் பெயரைத் தொட்டால் அவர் அறை. பாஸ்வேர்டு கேட்டது. தேவசகாயம் சட்டென்று திரும்பி, சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்கு முகத்தைக் கொடுத்து நின்றுகொண்டார். "நான் பாக்கல. நீ போடு." சவுரியம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏய், நீயும் திரும்புடி! அது கவரு!" என்று ஓர் அதட்டல். அவளும் திரும்பிக்கொண்டாள்.

அடுத்து மெயில் பெட்டி. பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்றது. பின்னால் ஒன்று போட்டாலும் எடுத்தாயிற்று, இரண்டு போட்டாலும் எடுத்தாயிற்று. உலகத்தில் இத்தனை செண்பகமா என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெயருக்குப் பின்னால் லேப் என்று சேர்த்தாள். ஒத்துக்கொண்டது. வேலையே இன்னும் கிடைக்கவில்லை, அதற்குள் பெயரில் லேப் ஏறிவிட்டது!

போனுக்கு ஒரு நம்பர் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடு என்றது கம்ப்யூட்டர். போனைப் பார்த்தால் சேதி வரவில்லை. மணி நாலு நாற்பது. மறுபடி அனுப்பச் சொன்னாள். வரவில்லை. அப்போதுதான் போனின் உச்சியில் ஒரு குட்டிக் கவர் படம் விட்டு விட்டு மின்னுவதைக் கண்டாள். மெசேஜ் பெட்டி நிறைந்துவிட்டதாம். புடவைக்கடை ஆடித் தள்ளுபடி, லோன் வேண்டுமா, ரிங்டோன் வேண்டுமா என்று ஒரு வருஷத்துக் குப்பை அடைத்துக்கொண்டிருந்தது. பட்டன் போனில் ஒவ்வொன்றாகத்தான் அழிக்க முடியும்.

"குடு இப்படி" என்று தேவசகாயம் கையை நீட்டினார். நீட்டிய கையை அவரே இழுத்துக்கொண்டார். "வேணாம். உன் பொட்டி, நீயே அழி. ஆனா சீக்கிரம்."

கட்டைவிரல் வலிக்க வலிக்க அழித்தாள். நாற்பதாவதை அழித்ததும் போன் 'டொய்ங்' என்றது. ஆறு இலக்கம். தட்டினாள். பெட்டி திறந்துகொண்டது. உள்ளே ஒன்றுமே இல்லை. சுத்தமாக, வெள்ளையாக, கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி இருந்தது. மேலே அவள் பெயர். அவள் பெயர் மட்டும். செண்பகத்துக்கு அதையே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றியது; ஆனால் பார்க்கிற நேரமா அது? மணி ஐந்து ஐந்து.

மலர்விழிக்குப் போன் போட்டு ஐடியைச் சொன்னாள். ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரே இரைச்சல். "எம்மா, என்னா? பி-யா, டி-யா? கேக்கலியே" என்றாள் அவள். இரண்டு தடவை சொல்லியும் தப்புத்தப்பாகத் திருப்பிச் சொன்னாள். தேவசகாயத்துக்குப் பொறுக்கவில்லை. மருமகளைப் பார்த்து, தரலாமா என்று கண்ணால் கேட்டார். அவள் போனைக் கொடுத்தாள்.

மனிதர் நெஞ்சை நிமிர்த்தினார். ஜங்ஷனில் மூட்டைக்கு மூட்டை கத்திய குரல் அது. "எழுதிக்கம்மா! சேலம் எஸ்! ஈரோடு ஈ! நாகப்பட்டினம் என்! பெங்களூரு பி! அரக்கோணம் ஏ! கூடூர் ஜி! மறுபடி அரக்கோணம்! மாயவரம் எம்! ஆச்சா? இப்போ லேபு. லால்குடி எல்! அரக்கோணம் ஏ! பெங்களூரு பி!"

தெருவே கேட்டது. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, ரயில் ஏதாவது கவிழ்ந்துவிட்டதா என்று கேட்டார். மலர்விழி அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொன்னாள். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

அப்புறம் காத்திருந்தார்கள். ஐந்து பத்து. ஐந்து பதினைந்து. சவுரியம்மாள் உரித்த மல்லாட்டைகளைக் கிண்ணத்தில் போடாமல் மடியிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து பத்தொன்பதுக்குப் பெட்டியில் ஒரு வரி வந்து விழுந்தது.

செண்பகம் திறந்தாள். அதே கடிதம், அதே மூன்று வரி, கீழே அதே கட்டம். இந்தத் தடவை அது சாம்பல் நிறத்தில் இல்லை, பச்சையாக இருந்தது. சுட்டியை அதன்மேல் கொண்டுபோய் அழுத்தினாள். வட்டம் ஒன்று சுற்றியது. "உங்கள் வருகை உறுதி செய்யப்பட்டது" என்று வந்தது.

"ஆச்சு மாமா!"

தேவசகாயம் "சபாஷ்!" என்று மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். சவுரியம்மாள் எழுந்ததில் மல்லாட்டை கூடமெங்கும் சிதறியது. அவர் கை பழக்கதோஷத்தில் பிரிண்டர் பட்டனுக்குப் போனது. பாதி வழியில் நின்றது. "வேணும்னா நீயே எடுத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே இனியவன் வந்தான், விஷயம் கேட்டான், சட்டையைக்கூடக் கழற்றாமல் தனக்கொரு பெட்டி திறந்துகொண்டான். "அண்ணி, நீங்க தெய்வம்" என்றான். அன்புச்செல்வனுக்கு ஒன்று, பேத்தியின் பள்ளிக்கூட விஷயத்துக்கு ஒன்று. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சவுரியம்மாள், எனக்கும் ஒன்று வை என்றாள்.

"உனக்கு யாரு மெயில் போடப் போறாங்க?" என்றார் புருஷன்.

"எவனாச்சும் போடுவான். அதை உன்கிட்ட சொல்லணும்னு என்னா இருக்குது?"

தெருவில் நாலு பேர், தேவசகாயம் வீட்டில் தனிக்குடித்தனம் வந்துவிட்டதாமே என்று கேலி பேசினார்கள். "அடுப்பு ஒண்ணுதான்யா. கவருதான் வேற வேற" என்று அவரே பதில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதோடு விட்டாரா? இரவு சாப்பிடும்போது, யாரும் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதிவைக்கக் கூடாது, புருஷன் பெண்டாட்டிக்குள்கூடச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று ஏகப்பட்ட சட்டம் போட்டார். புது மதத்துக்கு மாறினவர்தான் அதிகமாக மணி அடிப்பார் என்று செண்பகம் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

திங்கள்கிழமை விழுப்புரத்தில் பதினாலு பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் அவளைவிடப் பத்து வயது இளையவர்கள். கேள்வியெல்லாம் முடிந்தபின், வார்டில் இருந்த பருமனான பெரியவர் ஒருவரிடம் ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். அவளுக்கு முன்னால் போன இரண்டு பேர் நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தி அவரைப் பேஜாராக்கி வைத்திருந்தார்கள். "நீயும் குத்தப் போறியா?" என்றார் அவர். செண்பகம் அவர் கையை மடியில் வைத்து, கண்ணை மூடி, விரல் நுனியால் தடவினாள். பதினோரு வருஷம் கழித்தும் விரல் மறக்கவில்லை. ஒரே குத்து. "எடுத்துட்டியா? எப்போ?" என்று கேட்டார் பெரியவர். தேர்வு செய்கிற டாக்டரம்மா ஏதோ எழுதிக்கொண்டார். முடிவை மெயிலில் தெரிவிப்போம் என்றார்கள்.

மூன்று நாள் அவள் பெட்டிக்குப் புதிதாக ஒன்றும் வரவில்லை. வீட்டில் யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருக்க தேவசகாயம் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் இவர் கொல்லைக்குப் போய்விடுவார். திரும்பி வந்து அவள் முகத்தைப் பார்ப்பார், தண்ணீர் குடிப்பார், மறுபடியும் கொல்லைக்குப் போவார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குக் கூடத்தில் யாருமில்லை. செண்பகம் தன் பெயரைத் தொட்டாள், பாஸ்வேர்டு போட்டாள். பெட்டியில் ஒரு வரி, தடித்த எழுத்தில். திறந்தாள். ஒருமுறை படித்தாள். இங்கிலீஷ் தப்பாகப் புரிந்துவிட்டதோ என்று எழுத்து எழுத்தாக இன்னொரு முறை படித்தாள். தப்பில்லை.

எழுந்து ஓடிப்போய்ச் சொல்லிவிடத்தான் கால் துடித்தது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. அவள் பாஸானதை ஊரில் வேறு யாரோ வந்து சொன்னார்கள். கல்யாணம் நிச்சயமானதை அடுத்த வீட்டில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். இந்தச் சேதி மட்டும், இந்த நிமிஷம், உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கொல்லையில் மாமனார் இருமுகிற சத்தம் கேட்டது. அத்தை எதையோ இடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் யாருக்கும் தெரியாது. இவளுக்குத் தெரியும். அந்தச் சந்தோஷத்தை அவள் ஐந்து நிமிஷம் முழுசாக, பங்கு போடாமல், தனியாக உட்கார்ந்து அனுபவித்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. துடைக்கவும் இல்லை.

அப்புறம் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கொல்லைக் கதவண்டை போய் நின்றாள். தேவசகாயம் முருங்கை மரத்தடியில் எதையோ மும்முரமாகப் பார்ப்பவர் போல நின்றார்.

"மாமா."

"இன்னாம்மா?" அவர் திரும்பவில்லை.

"காலையில எட்டரைக்குள்ள விழுப்புரத்துல இருக்கணும்னா எந்த வண்டிக்குப் போவணும்?"

"பாசஞ்சருக்குப் போலாம், கூட்டமா இருக்கும். பஸ்ஸுன்னா..." என்று சொல்லிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். மெல்லத் திரும்பினார். "எதுக்கு? என்னிக்கு?"

"திங்கக்கெழமையிலேர்ந்து மாமா. தெனமும்."